வீட்டுக்காரர் வரம்பு மீறினால் எந்தக் கதவைத் தட்டுவது?

எங்கள் வீட்டுத் தெர்மோஸ்ராற் மேல்மாடியில் இருந்தது. நாங்கள் மூன்று பேர் கீழே, பேஸ்மென்ற்றில். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், மார்க்கம் வீதிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. தனி வாசல், சின்னதாக ஒரு குசினி, ஒருவர் குளித்தால் அறை முழுக்க ஆவி பிடிக்கும் ஒரு குளியலறை. ஜனவரியில் வீட்டுக்காரர் இரவு வேலைக்குப் போகும்போது ஹீற்றிங்கைக் குறைத்துவிட்டுப் போவார். மேலே ஆளில்லை, ஏன் சும்மா எரிய வேணும் என்பது அவருடைய கணக்கு. மூன்றாம் நாளும் ஜாக்கெற்றுடன் படுத்து எழும்பிய பிறகு மேலே போய்க் கேட்டேன். "தம்பி, உம்மட கேஸே இன்னும் முடியேல்லை. சத்தம் போட்டு இமிகிரேசன் வரைக்கும் கொண்டு போகாதையும்" என்றார். கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், தேத்தண்ணியும் தந்தார். கேஸ் என்று அவர் சொன்னது என் அகதிக் கோரிக்கையை.

வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினேன். பொறுத்துக்கொள்வது, இல்லாவிட்டால் வேறு வீடு பார்ப்பது என்ற இரண்டு வழிதான் அன்று எனக்குத் தெரியும். தெரிந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழகிய பிறகுதான், அந்த நேரத்தில் எனக்கு நாலைந்து கதவுகள் இருந்தன என்பது விளங்கியது. ஆனால் அவை ஒரே மாதிரியான கதவுகள் இல்லை. ஒன்றில் காசு கிடைக்கும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்னொன்று கெதியாக வேலை செய்யும், உங்கள் கைக்கு ஒரு சதமும் வராது. வேறொன்றைப் பிழையான நேரத்தில் தட்டினால் இருக்கிற இடமே போய்விடும். நான் சட்டத்தரணி இல்லை. இது ஒன்ராறியோ நிலவரம். வேறு மாகாணத்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு.

கதவுகளுக்கு முன்னால், குசினி.

ஒன்ராறியோவின் 2006 ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டம் உங்கள் பேப்பரைக் கேட்பதில்லை. வாடகை கொடுத்து ஓர் இடத்தில் இருக்கும் உரிமை பெற்றவர் வாடகைக்காரர். குடியுரிமையோ பிஆரோ (நிரந்தர வதிவிடம்) வேலை அனுமதியோ அந்த வரைவிலக்கணத்தில் வராது. ஒப்பந்தம் எழுத்தில் இல்லாமல் கைக்காசு கொடுத்து இருந்தாலும், பேஸ்மென்ற் நகரத்தின் அனுமதி இல்லாமல் கட்டப்பட்டதாக இருந்தாலும் நீங்கள் வாடகைக்காரர்தான். 'சொன்னால் இரண்டு கிழமையில் எழும்ப வேண்டும்' என்று கையெழுத்து வாங்கி வைத்திருந்தாலும், சட்டத்துக்கு முரணான அந்த வரி செல்லாது.

இதற்குப் பெரிய விலக்கு ஒன்று உண்டு, அதில்தான் நம்மவர்கள் பலர் மாட்டுகிறார்கள். வீட்டுச் சொந்தக்காரரோ, அவருடைய கணவன் அல்லது மனைவியோ, பிள்ளையோ, பெற்றோரோ அதே கட்டடத்தில் இருந்து, அவர்களோடு குசினியையோ குளியலறையையோ நீங்கள் பகிர வேண்டியிருந்தால் இந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை. வந்த புதிதில் 'ஒரு அறை, சாப்பாட்டோடு' என்று ஊர் ஆட்கள் வீட்டில் இருப்போமே, அது பெரும்பாலும் இந்த விலக்குக்குள் விழும். சொந்தக்காரர் வேறு வீட்டில் இருக்க, மற்ற வாடகைக்காரர்களோடு மட்டும் குசினியைப் பகிர்ந்தால் சட்டம் பொருந்தும். உடுப்புத் தோய்க்கும் மெஷினைச் சொந்தக்காரரோடு பகிர்வது கணக்கில் வராது. குசினியும் குளியலறையும் மட்டும்தான். ஆகவே யார் உதவி கேட்டு வந்தாலும் நான் முதலில் கேட்பது "பிரச்சினை என்ன?" என்று இல்லை. "சமைப்பது எங்கே?" என்றுதான்.

விலக்குக்குள் விழுந்தவருக்குக் கீழே சொல்லும் வழிகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும். அவருக்கு நான் சொல்வது சுருக்கம்: சண்டை வேண்டாம், வேறு இடம் பாருங்கள், கொடுத்த காசுக்கெல்லாம் அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தராத முற்பணத்துக்குச் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது; 2025 ஒக்ரோபரிலிருந்து 50,000 டொலர் வரையான கோரிக்கைகளை அது எடுக்கிறது. இனி எழுதுவது மற்றவர்களுக்கு.

முதல் வழி, எழுத்தில் கேட்பது. இதை வழி என்று சொன்னாலே ஆட்கள் சிரிப்பார்கள். "அண்ணை, வாயால் நூறு தரம் சொல்லியாச்சு" என்பார்கள். வாயால் சொன்னது சொன்னதே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதிக் கொடுக்கும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம் அண்ணை. ஜனவரி 12, 13, 14 மூன்று இரவும் 11 மணிக்குப் பிறகு பேஸ்மென்ற் 16 பாகைக்கு இறங்குகிறது. படம் அனுப்பியிருக்கிறேன். சட்டப்படி 20 பாகை இருக்க வேண்டும். இன்று இரவு முதல் சரிசெய்து தாருங்கள்."

இதே செய்தியை ஆங்கிலத்திலும் கீழே போடுவேன், பிறகு ஒரு நாள் அதிகாரி வாசிக்க வேண்டிவரும் என்பதற்காக. அனுப்புவது மின்னஞ்சலில், இல்லையென்றால் குறுஞ்செய்தியில். செப்ரெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 பாகை என்பது மாகாண விதி. அளக்கும் முறையையும் விதி சொல்கிறது: தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி. யன்னல் விளிம்பில் வெப்பமானியை வைத்துப் படம் எடுத்துவிட்டு "பாருங்கோ 12 பாகை" என்றால், மறுபக்கத்துச் சட்டப் பிரதிநிதி ஒரே கேள்வியில் அதைத் தள்ளிவிடுவார். கதிரை ஒன்றின் மேல் புத்தகங்களை அடுக்கி, அறைக்கு நடுவில் வெப்பமானியை வைத்து, பக்கத்தில் போன் நேரம் தெரிய எடுங்கள்.

எழுத்தில் கேட்பதற்குச் செலவில்லை, ஆபத்தும் குறைவு. எனக்குத் தெரிந்தவர்களில் கணிசமானோருக்கு இதோடே முடிந்திருக்கிறது, ஏனென்றால் 'இவனுக்குச் சட்டம் தெரியும்' என்ற எண்ணம் வந்தாலே பல வீட்டுக்காரர்கள் இறங்கிவிடுவார்கள். முடியாவிட்டாலும் அடுத்த எல்லாக் கதவுகளுக்கும் இதுதான் சாவி.

இரண்டாவதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. மாகாண அரசின் வாடகை வீட்டு அமலாக்கப் பிரிவு. வீட்டுக்காரர், வாடகைக்காரர் வழக்குகளை விசாரித்துக் கட்டளை போடும் சபை, எல்ரிபி என்று எல்லோரும் சொல்லும் லாண்ட்லோர்ட் அன்ட் ரெனன்ற் போர்ட், வேறு; இது வேறு. சட்டத்தில் குற்றம் என்று எழுதியிருக்கும் காரியங்களுக்கு மட்டும்தான் இவர்கள் வருவார்கள்: ஹீற்றிங், தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றை நிறுத்துவது, உத்தரவில்லாமல் பூட்டை மாற்றுவது, தொல்லை கொடுப்பது, முன்னறிவித்தல் இல்லாமல் உள்ளே நுழைவது, வாங்கக்கூடாத டிபொசிற்றை வாங்குவது. தொலைபேசியில் முறையிடலாம், கட்டணம் இல்லை. அதிகாரி வீட்டுக்காரருக்கே போன் எடுத்து 'நீங்கள் செய்வது குற்றம்' என்று சொல்வார். கேட்காவிட்டால் வழக்குத் தொடுக்கலாம். 2023 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தனிநபருக்கு உச்சத் தண்டம் 100,000 டொலர், நிறுவனத்துக்கு 500,000.

எழுதும்போது இது மிகப் பெரிய ஆயுதமாகத் தெரியும். நடைமுறையில் இதன் பலன் அந்த ஒரு தொலைபேசி அழைப்பில்தான் இருக்கிறது. குளிரில் கிடப்பவருக்கும் வாசலில் பூட்டு மாறிப்போனவருக்கும் இன்றே ஏதாவது நடக்க வேண்டுமென்றால் இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் நட்டஈடு வாங்கித் தருவது இவர்கள் வேலை இல்லை. தண்டம் போட்டாலும் அது அரசாங்கத்துக்குத்தான் போகும்.

மூன்றாவது நகரசபை, அதாவது அதன் 311 என்ற தொலைபேசி இலக்கம். ரொறன்ரோவுக்கு 2013 முதல் ஒரு கொள்கை இருக்கிறது: நகரச் சேவை கேட்டு வருபவரிடம் குடிவரவு நிலையைக் கேட்பதில்லை. அந்த வகையில் இது பயமில்லாத கதவு. பூஞ்சணம், ஒழுகும் கூரை, எலி, கரப்பான், உடைந்த படி என்றால் பரிசோதகர் வந்து பார்த்து வீட்டுக்காரருக்குக் கட்டளை கொடுப்பார். அந்தக் கட்டளைப் பிரதி எல்ரிபியில் நூறு படங்களுக்குச் சமம்.

மூன்று மாடிக்கும் 10 வீட்டுக்கும் குறையாத அடுக்குமாடிகளுக்கு ரொறன்ரோவில் ரென்ற்சேஃப் என்ற தனித் திட்டமே இருக்கிறது. அங்கே இருப்பவர் யோசிக்காமல் 311 அடிக்கலாம். பேஸ்மென்ற்றில் இருப்பவர் அடிக்கும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரண்டாம் வெளியேறும் வழி இல்லாத, தீத்தடுப்புக்குரிய சுவரோ கதவோ இல்லாத பேஸ்மென்ற் என்றால், பூஞ்சணத்தைப் பார்க்க வந்தவர் மற்றதையும் பார்ப்பார். திருத்து என்ற கட்டளை 'இங்கே ஆள் இருக்கக்கூடாது' என்ற இடத்தில் போய் முடியலாம். பல அறைகளைத் தனித்தனியாக வாடகைக்கு விடும் வீடுகள் ஸ்காபரோவில் 2024 மார்ச் 31 வரை சட்டவிரோதமாகவே இருந்தன. இப்போது உரிமம் எடுத்து நடத்தலாம், ஆனால் உரிமம் இல்லாமல் நடத்தினால் அதே சிக்கல்தான். இன்னோர் இடம் கையில் இல்லாதபோது இந்தக் கதவைத் தட்டச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதே நேரம், காபன் மொனொக்சைட் அலாரம் அடிக்கிறது, எரிவாயு மணக்கிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், வெளியே வந்து உடனே அவசர இலக்கமான 911க்கு அழையுங்கள்.

இனி எல்ரிபி. காசு, கட்டளை, அதிகாரம் எல்லாம் இங்கேதான், தாமதமும் இங்கேதான். தொல்லை, அத்துமீறல், பூட்டு மாற்றம், சேவை நிறுத்தம் என்றால் ரி-2 என்ற விண்ணப்பப் படிவம். திருத்தாமல் விட்டால் ரி-6. வாங்கக்கூடாத காசை வாங்கியிருந்தால் ரி-1. கட்டணம் 50 டொலர் அளவில். வருமானம் குறைந்தவர் விலக்குக் கேட்கலாம். வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரச் சொல்லலாம், வீட்டுக்காரருக்குத் தண்டம் போடலாம், வெளியே பூட்டப்பட்டவரை, இடம் வேறு ஆளுக்குக் கொடுபடாமல் இருந்தால், திரும்ப உள்ளே விடச் சொல்லலாம். காரியம் நடந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஒரு வருடக் கணக்கைத் தவறவிட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

தாமதம் எவ்வளவு? ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் (அரச நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போல் டூபே 2023 மே மாதம் எல்ரிபி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அப்போது தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் 38,000க்கு மேல். வாடகைக்காரர்களின் விண்ணப்பங்களில் சில விசாரணைக்கு வர இரண்டு வருடம் வரை எடுத்தன. அந்தக் கட்டத்திலிருந்து நிலைமை மாறிக்கொண்டிருந்தாலும், இந்தக் கிழமை ஹீற்றிங் வர வேண்டுமென்று ரி-2 போடுவது புத்தி இல்லை. ஹீற்றிங்குக்கு அமலாக்கப் பிரிவு, குளிரில் கிடந்த மாதங்களுக்கான வாடகைக் கழிவுக்கு எல்ரிபி. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது.

"முறைப்பாடு செய்தால் எழுப்பிவிடுவாரே" என்பதுதான் எல்லோருக்கும் உள்ள பயம். இங்கே வீட்டுக்காரரால் நேரடியாக எழுப்ப முடியாது. எல்ரிபி கட்டளை வேண்டும், அந்தக் கட்டளையை நிறைவேற்ற நீதிமன்ற அதிகாரியான ஷெரிஃப் வர வேண்டும். வாசலில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் வெறும் அறிவித்தல், அதன் தேதி வந்தவுடன் பெட்டி கட்டத் தேவையில்லை. அதோடு சட்டத்தின் 83 ஆம் பிரிவில் அழகான ஒரு விதி இருக்கிறது: வாடகைக்காரர் அரசு அதிகாரியிடம் முறையிட்டதற்காகவோ, தன் உரிமையைக் கேட்டதற்காகவோ எழுப்பக் கேட்டால், எல்ரிபி மறுக்க *வேண்டும்*. மறுக்கலாம் என்றில்லை. வீட்டுக்காரர் தன் கடமையைப் பாரதூரமாக மீறிக்கொண்டிருந்தாலும் அப்படியே. அதற்குத்தான் முதல் வழியில் சொன்ன எழுத்து: முறைப்பாடு முதலில் வந்தது, நோட்டீஸ் பிறகு வந்தது என்று தேதியோடு காட்ட வேண்டும்.

எல்ரிபி பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதன் கட்டளைகள் பகிரங்கமானவை. கன்லி என்ற சட்டத் தளத்திலும், வீட்டுக்காரர்கள் பார்க்கும் ஓபன்ரூமிலும் பெயரைப் போட்டுத் தேடலாம். அடுத்த வீடு தேடும்போது அது கண்ணில் படலாம். இமிகிரேசன் பக்கத்தில் கவலை வேண்டாம். இது குற்றவியல் விசாரணை இல்லை, தோற்றாலும் குற்றப் பதிவு வராது.

தனியாகப் போகவும் தேவையில்லை. சமூகச் சட்ட நிலையங்கள், கிளினிக் என்று சொல்வோமே, வருமானத்தைப் பார்த்து இலவசமாக உதவும். ஸ்காபரோவுக்கென்று ஒன்று இருக்கிறது, தெற்காசியர்களுக்கென்று சால்கோ இருக்கிறது. விசாரணை நாளன்று கடமைச் சட்டத்தரணியின் (இலவசமாக உதவ அன்று இருப்பவர்) உதவியும் கேட்கலாம். தமிழில் கதைக்க ஆள் வேண்டுமென்றால் கிளினிக்கில் முதல் நாளே சொல்லிவிடுங்கள், விசாரணைக்கு முதல் நாள் சொல்லாதீர்கள்.

மனித உரிமைத் தீர்ப்பாயம் பற்றிச் சுருக்கமாக. இனம், பிறந்த இடம், குடியுரிமை, சமயம், பிள்ளைகள் இருப்பது, அரசு உதவிப் பணம் பெறுவது இவற்றுக்காக வீடு மறுத்தாலோ தொல்லை தந்தாலோ அங்கே போகலாம். ஒரு வருட அவகாசம், கட்டணம் இல்லை. 'குடிவரவு நிலை' என்ற சொல் அந்தச் சட்டப் பட்டியலில் இல்லை, ஆனால் குடியுரிமையும் பிறந்த இடமும் இருக்கின்றன. பெரும்பாலான வசவுகள் அவற்றுக்குள் வந்துவிடும். வீடு தேடும் நிலையில் இருப்பவருக்கு இது அதிகம் பயன்படும்: கனடாவில் கடன் வரலாறோ வாடகை வரலாறோ இல்லை என்பதையே காரணமாக்கிப் புதிதாக வந்தவரைத் தள்ளக்கூடாது. ஏற்கெனவே வீட்டில் இருந்துகொண்டு தொல்லைப்படுபவர் பாகுபாட்டையும் எல்ரிபியிலேயே சொல்லலாம், சட்டம் அதற்கும் இடம் தருகிறது. இரண்டு இடத்தில் அலைய வேண்டியதில்லை.

சரி, என் வீட்டுக்காரர் சொன்ன அந்த 'இமிகிரேசன்'.

கலிபோர்னியாவில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல் அங்கே வீட்டுக்காரர் வாடகைக்காரரைப் பயமுறுத்தவோ பழிவாங்கவோ எழுப்பவோ அவருடைய குடிவரவு நிலையை அதிகாரிகளுக்குச் சொன்னால், மாத வாடகையின் 6 மடங்கு முதல் 12 மடங்கு வரை நட்டஈடு கட்ட வேண்டும். ஒன்ராறியோ வாடகைச் சட்டத்தில் அப்படித் தனியாக ஒரு வரி இல்லை, இருந்திருக்கலாம். இங்கே அந்த மிரட்டலைத் 'தொல்லை' என்ற பொதுப் பெயரின் கீழ்தான் கொண்டுபோக வேண்டும். அமலாக்கப் பிரிவும் எல்ரிபியும் அதை அப்படி எடுத்துக்கொள்ளும்.

மிரட்டலின் உண்மையான எடை ஆளுக்கு ஆள் வேறு. என்னைப் போல அகதிக் கோரிக்கை போட்டவரைப் பற்றி அரசுக்கு ஏற்கெனவே தெரியும், முகவரி உட்பட. வீட்டுக்காரர் போன் எடுத்து என்ன புதிதாகச் சொல்லப்போகிறார்? படிப்பு அனுமதி, வேலை அனுமதி செல்லுபடியாக இருப்பவருக்கும் அப்படித்தான். அந்த ஜனவரியில் நான் பயந்தது ஒன்றுமில்லாத ஒரு காரியத்துக்கு.

அனுமதி முடிந்தும் தங்கியிருப்பவர், நாடுகடத்தல் உத்தரவு உள்ளவர் நிலை வேறு. அவர்களிடம் 'ஒன்றும் ஆகாது' என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுப் பிரச்சினையைத் தொடுவதற்கு முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு மணி நேரம் இருந்து கதைக்க வேண்டும். பொலிஸையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ரொறன்ரோ பொலிஸுக்கு 2006 முதல் ஒரு கொள்கை இருக்கிறது: பாதிக்கப்பட்டவரிடமும் சாட்சியிடமும் தகுந்த காரணமில்லாமல் குடிவரவு நிலையைக் கேட்கக்கூடாது. ஆனால் பெயரைக் கணினியில் தட்டும்போது குடிவரவுப் பிடியாணை இருந்தால் அது திரையில் வரும். கொள்கையால் அதை மறைக்க முடியாது. கை ஓங்கினால், உயிருக்கு ஆபத்தென்றால் யாராக இருந்தாலும் 911தான். மற்றபடி வாடகைத் தகராறுக்குப் பொலிஸைக் கூப்பிட்டால் பெரும்பாலும் 'இது சிவில் விடயம், எல்ரிபிக்குப் போங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பலன் குறைந்த, ஆபத்துக் கூடிய கதவு. பேப்பர் சரியில்லாதவருக்கு அமலாக்கப் பிரிவு அதைவிட எவ்வளவோ மேல்.

ஒரு கதவை மட்டும் யாரும் தட்டக்கூடாது: வாடகையை நிறுத்துவது. "திருத்தித் தந்தால்தான் காசு" என்பது நியாயமாகத்தான் படும். ஆனால் மறுநாளே வீட்டுக்காரர் கையில் என்-4, அதாவது வாடகை கட்டாததற்கு எழுப்பும் நோட்டீஸ், வந்துவிடும், அதுவரை குற்றவாளியாக இருந்தவர் முறைப்பாட்டாளராகிவிடுவார். 2025 நவம்பரில் நிறைவேறிய 60 ஆம் இலக்கச் சட்டமூலம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது: என்-4 அவகாசத்தை 14 நாளிலிருந்து 7 ஆகக் குறைக்கவும், பாக்கி வழக்கில் வாடகைக்காரர் தன் குறைகளை எழுப்ப வேண்டுமானால் முதலில் பாக்கியில் பாதியைக் கட்டவும் அது வழிசெய்கிறது. கையில் ஒரு நோட்டீஸ் வந்தால் அன்றைய நிலையில் எத்தனை நாள் என்பதை எல்ரிபி தளத்தில் பார்த்துவிடுங்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும் வாடகை முதலாம் தேதி போக வேண்டும், மின்பரிமாற்றத்தில். கைக்காசாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை.

கடைசியாக, போய்விடுவது. இதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. எப்படிப் போகிறோம் என்பதில்தான் காசு இருக்கிறது. வீட்டுக்காரர் வழக்கமாக இரண்டு படிவத்தில் ஒன்றோடு வருவார்.

என்-12 என்றால் 'எனக்கோ என் பிள்ளைக்கோ வீடு வேண்டும்' என்பது. வழமையாக 60 நாள் அவகாசம், ஒரு மாத வாடகை ஈடு. மேலே சொன்ன 60 ஆம் இலக்கச் சட்டமூலத்தில் 120 நாள் கொடுத்தால் ஈட்டைக் கொடுக்காமல் விடவும் இடம் இருக்கிறது. வருபவர் ஒரு வருடமாவது அங்கே இருக்கும் எண்ணத்தோடு வர வேண்டும். நீங்கள் எழும்பிய இரண்டாம் மாதம் அதே பேஸ்மென்ற் கூடிய வாடகைக்கு விளம்பரத்தில் வந்தால், அதைப் படம் எடுத்து, எழும்பிய ஒரு வருடத்துக்குள் ரி-5 போடலாம். 12 மாத வாடகை வரை ஈடு, அதோடு புதிய வீட்டு வாடகை வித்தியாசம், சாமான் ஏற்றிய செலவு எல்லாம் கேட்கலாம்.

என்-11 என்றால் 'நாங்கள் இருவரும் விரும்பி முடித்துக்கொள்கிறோம்' என்பது. கையெழுத்து வைத்தால் என்-12க்குரிய ஈடும் இல்லை, ரி-5 உம் இல்லை. அந்த ஒரு தாளை வைத்து விசாரணை இல்லாமலே எல்ரிபியிடம் எழுப்பும் கட்டளை வாங்கலாம். அதை நீக்கக் கேட்க உங்களுக்கு இருப்பது கட்டளை வந்து 10 நாள். 'சும்மா ஒரு சைன் போடும் தம்பி' என்று குசினி மேசையில் நீட்டப்படும் தாள் பெரும்பாலும் இதுதான்.

அதற்காக என்-11 கெட்டதென்று இல்லை. காசு தந்தால் கணக்குப் பாருங்கள். உதாரணத்துக்கு இப்போதைய வாடகை 1,600, அடுத்த வீடு 1,900 என்றால் வருடத்துக்கு 3,600 வித்தியாசம். என்-12இல் எழும்பினால் வரக்கூடிய ஒரு மாதம் 1,600. சாமான் ஏற்ற ஒரு 500. ஆக 5,700க்குக் கீழே எது தந்தாலும் உங்களுக்கு நட்டம். "ஆயிரம் தாறன்" என்பது பெரிய மனசில்லை, மலிவு. தொகையையும் தேதியையும் எழுத்தில் வாங்கி, காசு கையில் வந்த பிறகு கையெழுத்து வையுங்கள். இரண்டு நாள் யோசிக்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, எந்தச் சட்டமும் அங்கேயே கையெழுத்து வைக்கச் சொல்லவில்லை.

இதையெல்லாம் வைத்து என்னிடம் கேட்டால், இருக்கிற வீட்டிலேயே இருக்க விரும்புபவர் எழுத்தில் கேட்டு, இரண்டு மூன்று நாள் பார்த்து, அமலாக்கப் பிரிவை அழைத்து, அதே கிழமை ரி-2வைப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். பேஸ்மென்ற் சட்டப்படியானது இல்லையென்றால் இதிலிருந்து 311 ஐ மட்டும் கழித்துவிட்டு, அமைதியாக அடுத்த இடத்தைத் தேடத் தொடங்குவது நல்லது. ரி-2வை எழும்பிய பிறகும் போடலாம், ஆனால் காரியம் நடந்து ஒரு வருடத்துக்குள். எப்படியும் போகத்தான் போகிறேன் என்பவர் வீட்டுக்காரர் கேட்கும்வரை பொறுத்திருந்து என்-11 பேரம் பேசுவதில்தான் பலன். பேப்பரே இல்லாதவர் முதலில் குடிவரவுச் சட்டத்தரணி, பிறகு கிளினிக், பிறகு கிளினிக்கின் பெயரில் ஒரு கடிதம். அந்தக் கடிதத் தலைப்பைக் கண்டதும் குரல் மாறிய வீட்டுக்காரர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

நாங்கள் அந்த வீட்டில் ஏப்ரல் வரை இருந்தோம். உள்ளே வரும்போது கடைசி மாத வாடகையோடு, 'ஏதும் உடைஞ்சால்' என்று 500 டொலரும் வாங்கியிருந்தார். கடைசி மாத வாடகையை வாங்கலாம். உடைவுக்கென்று டிபொசிற் வாங்குவது இங்கே சட்டவிரோதம், ரி-1 போட்டால் திரும்பி வந்திருக்கும். அவர் எழுதித் தந்த துண்டு, தேதியும் கையெழுத்துமாக, போன வருடம் வரி பைல்களுக்குள் கிடைத்தது. பதினொரு வருடம் பழையது.